எருக்குழிப் புழுவும் கொம்பு வண்டும்: இனம் பிரித்தறியும் வகை

கருங்குழியைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஆடிப்பட்டத்திற்கு முன்னர் எருக்குழியை வெட்டி வண்டியில் ஏற்றுங்கால், கட்டைவிரல் பருமனுள்ள வெண்புழுக்கள் வளைந்து சுருண்டு கிடப்பதைக் காணாத குடியானவர் இல்லை. இப்புழுக்களைப் பற்றி ஆளுக்கோர் அபிப்பிராயம் வழங்கி வருகிறது. இவை எருவோடு நிலத்திற்குப் போனால் வேர்க்கடலைச் செடியின் வேரைத் தின்றுவிடும் என்பார் சிலர். சாணத்தில் பிறந்து சாணத்திலேயே மடியும் ஜந்துக்கள், இவற்றால் தீங்கொன்றுமில்லை என்பார் வேறு சிலர். அவ்வாறே, மழை நாளில் விளக்கைச் சுற்றி வந்து விழும் கொம்புள்ள கரிய வண்டு யாதாயினும் அது தென்னையைக் கெடுப்பதே எனக் கருதி மிதித்துக் கொல்வதும் வழக்கமாயிருக்கிறது. இவ்வபிப்பிராயங்கள் ஒவ்வொன்றிலும் பாதி உண்மை உண்டு. பாதி உண்மையைக் கொண்டு வேலை செய்வதனால் விளையும் நஷ்டமோ முழு நஷ்டம்.

உண்மை யாதெனில், நாம் ஒன்றென்று எண்ணும் இவ்வண்டுகள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பல இனங்கள். அவற்றுள் ஒன்று தென்னையின் பகை. ஒன்று வேர்க்கடலைக்கும் கரும்புக்கும் பகை. ஒன்று பெரும்பாலும் குப்பையை மக்கச் செய்வதோடு நிற்பது. மற்றொன்றோ கூலியின்றி நமக்கு உழைப்பது. பகை எது, உறவு எது என்று பிரித்தறிவதற்குப் பூதக்கண்ணாடியும் கலாசாலைப் படிப்பும் வேண்டுவதில்லை. சில அடையாளங்களைத் தெரிந்துகொண்டு, புழுவைக் கையில் எடுத்துப் பார்க்கும் பொறுமை இருந்தால் போதும்.

முதற்கண் இக்குடும்பத்திற்குப் பொதுவான அடையாளத்தைக் கூறுவோம். இவ்வண்டுகளை நூலோர் ஸ்காரப் வர்க்கம் என்பர். உலகில் 30,000 இனங்களுக்குக் குறையாமல் இருக்கின்றன. வண்டின் தலையில் கண்களுக்கு முன்பாக இரண்டு சிறிய உணர்கொம்புகள் உண்டு. அவற்றின் நுனியிலுள்ள கடைசிக் கணுக்கள் மெல்லிய தகடுகளாகி, ஓலைச் சுவடியின் ஏடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருக்கும். வண்டு மோப்பம் பிடிக்கும்பொழுது அவ்வேடுகளை விசிறி போல விரிப்பதைக் காணலாம். இவ்வேட்டு நுனி இல்லாத வண்டு இவ்வர்க்கத்தைச் சேர்ந்ததன்று. சிறுவர்கள் தீப்பெட்டியில் அடைத்து வளர்க்கும் பொன்வண்டு பார்வைக்கு இதன் உறவு போலத் தோன்றினும், அதன் உணர்கொம்பில் ஏடுகள் இல்லை. அது வேறு குடும்பம். ஸ்காரப் வர்க்கத்தின் புழுக்களும் ஒரே சாயல் உடையவை: வெண்மையான, பருத்த, பிறைபோல் வளைந்த உடல், பழுப்பு நிறத் தலை, மார்புப் பாகத்தில் மூன்று ஜோடிக் கால்கள். இச்சாயல் ஒற்றுமையே எல்லாக் குழப்பத்திற்கும் காரணம்.

இனி, பகைவருள் முதல்வனான காண்டாமிருக வண்டைக் கவனிப்போம். சாஸ்திர நூல்களில் இதற்கு ஓரிக்டெஸ் ரைனோசரஸ் என்று பெயர். ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் என்பவர் 1758-ல் இதனை முதன்முதல் நூலில் வர்ணித்தார். நம் பக்கத்தில் இதற்கு இருப்பிடம் நிரம்ப உண்டு. சதுரங்கப்பட்டினம் முதல் மாமல்லபுரம் வரையிலுள்ள கடற்கரை மணற்பாங்கில் தென்னந்தோப்புகள். உள்நாட்டில் மதுராந்தகம் வரையில் வீட்டுக் கொல்லைகளிலும் கிணற்றடிகளிலும் தென்னை. எங்கும் மாடும் எருக்குழியும். வண்டு தென்னையில் உண்கிறது; எருக்குழியில் பெருகுகிறது. இரண்டும் அருகருகே இருந்தால் அதற்கு வேறென்ன வேண்டும்?

இவ்வண்டு கரிய அல்லது கருஞ்சிவப்பு நிறமுடையது, பளபளப்பானது, 1½ முதல் 2 அங்குலம் வரை நீளமுள்ளது. தலையில் பின்னோக்கி வளைந்த ஒரு கொம்பு உண்டு. ஆணுக்குக் கொம்பு நீண்டும் பெண்ணுக்குக் குறுகியும் இருக்கும். ஆனால் கொம்பின் அளவைக்கொண்டு ஆண் பெண் தீர்மானித்தல் கூடாது. போதிய உணவின்றி வளர்ந்த ஆணுக்கும் கொம்பு சிறுத்தே இருக்கும். வண்டைத் திருப்பி வால் முனையைப் பாருங்கள். செம்பழுப்பு மயிர் அடர்ந்திருந்தால் பெண். மழமழவென்று இருந்தால் ஆண். இது தவறாத அடையாளம். பிடிக்கும் வண்டுகளில் பெண் எத்தனை என்று எண்ணி வருவது பயனுடையது. ஏனெனில் ஒரு பெண் வண்டு தன் ஆயுளில் ஐம்பது முதல் நூறு முட்டைகள் வரையும், சில சமயம் அதற்கு மேலும் இடவல்லது.

தென்னையில் இது செய்யும் சேதத்தைக் கண்டறிதல் எளிது. இரவில் குருத்தின் அடியைத் துளைத்து உட்புகுந்து, விரியாத இளங்குருத்தை மென்று சாற்றை உறிஞ்சுகிறது. துவாரத்தின் வாயிலில் மென்று தள்ளிய நார்ச் சக்கை காணப்படும். மடிந்திருக்கும் குருத்தில் ஒரு துளை விழுந்தால், அக்குருத்து விரிந்து மட்டையாகும்போது இருபுறமும் கத்தரியால் நறுக்கினாற்போல முக்கோண வெட்டுகள் தோன்றும். மட்டையில் இவ்வெட்டைக் காணும்பொழுது வண்டு புகுந்து சில மாதங்கள் கழிந்திருக்கும் என்பதை அறிதல் வேண்டும். பாளையும் உள்ளே துளைபட்டால் காய்ப்புக் குறையும். நட்டு இரண்டு மூன்று ஆண்டுகளே ஆன கன்றாயின் குருத்தே பட்டுப்போவதுண்டு. இவ்வளவோடும் தீர்வதில்லை. வண்டு துளைத்த புண்ணின் வாடையை நாடிச் சிவப்புக் கூன்வண்டு வருகிறது. அது புண்ணிலே முட்டையிட்டால் அதன் புழுக்கள் மரத்தின் உள்ளத்தையே தின்றுவிடும். காண்டாமிருக வண்டு வளர்ந்த மரத்தைத் தானாகக் கொல்வது அரிது. கொல்பவனுக்குக் கதவைத் திறந்துவிடுகிறது.

இப்பொழுது விளக்கடியில் விழும் மற்றொரு கரிய கொம்பு வண்டை எடுத்துக்கொள்வோம். இது சாணி வண்டு. நம் நாட்டில் இதில் பல இனங்கள் உள்ளன. கதார்சியஸ் மொலோசஸ் என்னும் இனம் பருமனிலும் நிறத்திலும் கொம்பிலும் காண்டாமிருக வண்டை ஒத்திருப்பதால், வீணே அடிபட்டுச் சாவது பெரும்பாலும் இதுவே. வேற்றுமை காண்பது இவ்வாறு: காண்டாமிருக வண்டின் உடல் நீண்டு உருண்டது, அகலத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு நீளம், சாணி வண்டோ குட்டையாய், கவிழ்த்த கிண்ணம்போல் முதுகு உயர்ந்து அகன்றிருக்கும். அடுத்தபடி தலையைப் பாருங்கள். சாணி வண்டின் தலை முன்புறம் தட்டையாய், மண்வெட்டியின் அலகுபோல அரைவட்டமாய் விரிந்து வாயை முற்றிலும் மறைத்திருக்கும். அதன் தாடைகள் மென்மையானவை. ஈரச் சாணத்தைப் பிழிந்து உண்பதற்கு உரியவையேயன்றி மரத்தைத் துளைக்கும் வலிமையுடையன அல்ல. காண்டாமிருக வண்டின் தலை ஒடுங்கியது. மேலிருந்து பார்த்தாலும் உறுதியான தாடைகள் இருபுறமும் துருத்தித் தெரியும். இன்னும் ஐயமிருந்தால் பின்னங்காலை நோக்குக. கணைக்காலின் முனையில் சாணி வண்டுக்கு ஒரே முள். காண்டாமிருக வண்டுக்கு இரண்டு முட்கள். கொம்பை மட்டும் நம்புவோர் ஏமாறுவர். சாணி வண்டிலும் ஆணுக்குக் கொம்புண்டு, பல இனங்களில் பெண்ணுக்கு அது இல்லை.

சாணி வண்டு செய்யும் தொண்டைச் சற்று விரித்துரைத்தல் தகும். மேய்ச்சல் தரையில் மாடு சாணமிட்ட சில நாழிகைக்குள் இவை மோப்பம் பிடித்து வந்துவிடுகின்றன. சில இனங்கள் சாணத்தை உருண்டையாக்கிப் பின்னங்காலால் உருட்டிச் செல்லும். நாட்டுப்புறத்தார் பீயுருட்டி என்று பெயரிட்டது இவற்றையே. வேறு சில, சாணத்தின் கீழேயே வளை தோண்டி உள்ளே இழுத்துச் செல்லும். ஒவ்வோர் உருண்டையிலும் ஒரு முட்டை. பொரித்த புழு அவ்வுருண்டைக்குள்ளேயே உண்டு வளர்ந்து வண்டாகி வெளிவரும். இதனால் நிலத்திற்கு வளையின் வழியே காற்றும் மழைநீரும் இறங்குகின்றன. உரம் வேரடிக்குச் சேர்கிறது. சாணத்தில் முட்டையிடும் ஈக்களுக்கு இடமில்லாது போகிறது. ஹீலியோகாப்ரிஸ் என்னும் மிகப் பெரிய இனத்தின் உருண்டைகள் மண் பூசி உலர்ந்து கல் போலாகி விடுவதால், பூமியைத் தோண்டியவர்கள் அவற்றைப் பழங்காலத்துப் பீரங்கிக் குண்டுகள் என்று மயங்கினார்கள் என்றொரு செய்தி பூச்சி நூல்களில் வழங்குகிறது.

இத்தொண்டின் விலையை ஆஸ்திரேலியா தேசத்தார் நன்கு உணர்ந்தனர். அங்கே 1788-ல் முதன்முதல் மாடுகள் கொண்டுபோகப்பட்டன. அத்தேசத்துச் சாணி வண்டுகள் கங்காரு முதலிய பிராணிகளின் சிறு புழுக்கைக்குப் பழகியவை. மாட்டுச் சாணத்தை அவை பெரும்பாலும் சீண்டவில்லை. சாணம் காய்ந்து வறட்டிபோல் மேய்ச்சல் தரையை மூடிற்று, புல் முளைக்கவில்லை, ஈக்கள் திரள் திரளாய்ப் பெருகின. பார்னெமிஸ்ஸா என்னும் விஞ்ஞானியின் முயற்சியால் 1960-களின் பிற்பகுதி முதல் அயல்நாட்டுச் சாணி வண்டுகளைப் பொருட்செலவு செய்து வரவழைத்து விட வேண்டியதாயிற்று. அவர்கள் கப்பலிலும் விமானத்திலும் தருவித்த வேலைக்காரனை நாம் விளக்கடியில் மிதித்துக் கொல்கிறோம்.

மூன்றாவது கூட்டம் வேர்ப்புழுவின் வண்டுகள். கோடை மழை ஒன்று நன்றாய்ப் பெய்து மண் நனைந்த அன்று மாலை, இருட்டும் வேளையில், பூமியிலிருந்து பழுப்பு வண்டுகள் கூட்டங் கூட்டமாக எழுந்து வேம்பு, வேல், முருங்கை முதலிய மரங்களில் மொய்த்து இலையைத் தின்னும். விடியுமுன் மீண்டும் மண்ணிற்குள் இறங்கிவிடும். வேப்பமரம் ஓரிரவில் சல்லடையாவதைக் கண்டு வியப்போர் உண்டு. வண்டைக் கண்டவர் சிலரே. இவற்றுள் தென்னிந்தியாவில் முக்கியமானது ஹோலோட்ரிகியா செர்ராட்டா. வடக்கே குஜராத், ராஜஸ்தான் மணல் நிலங்களில் வேர்க்கடலைக்குப் பெருஞ்சேதம் செய்வது இதன் உடன்பிறப்பான ஹோலோட்ரிகியா கன்சாங்குவினியா. இவ்வண்டுகளுக்குக் கொம்பில்லை. முக்கால் முதல் ஓர் அங்குல நீளம். நிறம் பழுப்பு அல்லது செம்பழுப்பு. பாதத்தின் நுனியிலுள்ள இரண்டு நகங்களும் ஒரே அளவினவாய், ஒவ்வொன்றிலும் ஒரு பல் இருக்கும். இதே பருமனில் மாலை வேளையில் இலை தின்ன வரும் அனோமலா என்னும் வண்டுக்கு இரு நகங்களும் சமமாயிரா. ஒன்று பெரிது, ஒன்று சிறிது.

இந்த ஹோலோட்ரிகியாவுக்குள்ளேயே இனத்திற்கு இனம் வேற்றுமை காண்பது வல்லுநர்க்கும் எளிதன்று. ஆண் வண்டின் உட்குறியை அறுத்து எடுத்துப் பார்த்துத்தான் அவர்களும் தீர்மானிக்கின்றனர். லண்டன் பொருட்காட்சிசாலையிலிருந்த ஆரோ என்பவர் இந்தியாவின் ஸ்காரப் வண்டுகளைப் பற்றி 1910, 1917, 1931 ஆகிய ஆண்டுகளில் மூன்று பெரிய நூல்கள் எழுதினார். நம் தரங்கம்பாடியிலிருந்து ஐரோப்பாவிற்கு அனுப்பப்பட்ட பூச்சிகளுக்கு டென்மார்க் தேசத்துப் பாப்ரீஷியஸ் என்பவர் அவருக்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பெயரிட்டிருக்கிறார். அவ்வளவு நுட்பம் குடியானவருக்குத் தேவையில்லை. எல்லா ஹோலோட்ரிகியாவுக்கும் பரிகாரம் ஒன்றே.

நான்காவது கூட்டத்தைப் பூவண்டு எனலாம். தட்டையான முதுகு, சிலவற்றில் புள்ளிகள், சிலவற்றில் பச்சை மினுக்கு. இவை பகலில் பறப்பவை. பூவின் மகரந்தத்தையும் கனிந்த பழத்தையும் நாடுபவை. பறக்கும்பொழுது மற்ற வண்டுகள் மேலோட்டை இருபுறமும் தூக்குவது வழக்கம். பூவண்டு மேலோட்டை மூடியபடியே, பக்கவாட்டிலுள்ள பிளவின் வழியாக உள்சிறகை நீட்டிப் பறக்கும். ஒரு முறை கண்டவர் மறவார்.

வண்டை அறிந்தோம், இனிப் புழு. எருக்குழியில் நம் கண்ணில் படுவது புழுவே ஆகையால், இப்பகுதியை அங்கத்தினர்கள் ஊன்றிப் படித்தல் நலம். பருமனைக்கொண்டு ஒன்றும் முடிவு கட்டாதீர். காண்டாமிருகப் புழு முற்றியபோது மூன்று அங்குலத்திற்கு மேலும் வளரும். ஆனால் இளம்பருவத்தில் மற்றப் புழுக்களின் அளவே இருக்கும்.

மிக எளிய சோதனை இது: புழுவை எருவினின்று எடுத்து, சமமான கட்டாந்தரையில் அல்லது பலகையில் விட்டு, சற்று நேரம் தொடாமல் நின்று பாருங்கள். பூவண்டின் புழு உடனே மல்லாந்து, கால்கள் வானத்தை நோக்க, முதுகாலேயே விரைந்து ஊர்ந்து செல்லும். இவ்விந்தையைக் குழந்தைகளும் விரும்பிப் பார்க்கும். காண்டாமிருக வண்டின் புழு ஒருக்களித்துக் கிடந்து, வளைந்தபடியே நெளியும். நகர்ந்தாலும் பக்கவாட்டிலேயே நகரும். வேர்ப்புழுவோ கவிழ்ந்து, மற்றப் புழுக்களைப்போல் கால்களை ஊன்றி நடக்க முயலும். மூன்றுக்கும் மூன்று நடை.

நடையைக் கண்டபின் தலையையும் வாலையும் நோக்கலாம். காண்டாமிருகப் புழுவின் தலை கரும்பழுப்பு நிறமானது, பெரியது, கடினமானது. வேர்ப்புழுவின் தலை மஞ்சள் கலந்த பழுப்பு. பூவண்டுப் புழுவின் தலை உடற்பருமனுக்குச் சிறுத்து, கால்களும் குட்டையாயிருக்கும். வால் முனையின் அடிப்பக்கத்தில் மலத்துவாரத்தின் பிளவு காண்டாமிருகப் புழுவுக்கும் பூவண்டுப் புழுவுக்கும் குறுக்கே ஒரு கோடு கிழித்தாற்போல இருக்கும். ஹோலோட்ரிகியா வேர்ப்புழுவுக்கு அப்பிளவு மூன்று கிளையாய்ப் பிரிந்திருக்கும். அதன் முன்பாகச் சிறு முட்கள் இரண்டு வரிசையாய், நாற்று நட்டாற்போல நிற்கும். வாலை நீரில் கழுவி வெயிலில் பிடித்தால் கூர்ந்த கண்ணுக்கு இது புலனாகும்.

சாணி வண்டின் புழுவைப் பற்றிக் கவலை வேண்டா. அது உருண்டைக்குள் வாழ்வதன்றி எருவில் தனித்துக் கிடப்பதில்லை. முதுகில் ஒட்டகத்தின் திமில்போல ஒரு புடைப்பு உண்டு. மண் உருண்டையோ சாண உருண்டையோ உடைத்து, அதனுள் திமிலுள்ள புழு இருக்கக் கண்டால் உருண்டையை மூடி அப்படியே வைத்துவிடுக. தென்னை மரத்தினுள் காணும் புழுவுக்குக் காலே இல்லையாயின் அது இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. சிவப்புக் கூன்வண்டின் புழு. உடனே விவசாய இலாகா உத்தியோகஸ்தரை அழையுங்கள். அம்மரத்திற்குக் காலதாமதம் ஆகாது.

இவ்வடையாளங்களால், தொடக்கத்திற் கூறிய வழக்கு தீர்ந்துவிடுகிறது. எருக்குழியின் காண்டாமிருகப் புழு உயிருள்ள வேரைத் தின்பதில்லை. மக்கிய பொருளே அதன் ஆகாரம். ஆகவே எருவோடு அது வேர்க்கடலைக் கொல்லைக்குப் போவதால் செடி வாடுவதில்லை. செடி திட்டுத் திட்டாக வாடி, பிடித்து இழுத்தால் எளிதில் கையோடு வருமாயின், அடியிலுள்ள மண்ணை அரை முழம் தோண்டிப் பார்க்க வேண்டும். அங்கே அகப்படுவது பெரும்பாலும் கோடை மழையன்று மரத்தில் மொய்த்த பழுப்பு வண்டின் குஞ்சே. எருவின்மேல் பழி சுமத்தி எருவிடாமல் நிறுத்திய நிலம் இரட்டை நஷ்டம் அடையும்: உரமும் போயிற்று, புழுவும் போகவில்லை. ஆயினும் எருக்குழிப் புழுவால் தீங்கில்லை என்போரும் வழக்கில் வெல்லவில்லை. அது வண்டாகிப் பறந்து தென்னைக்குப் போகும். தென்னை தம்முடையதாயிராமல் அடுத்தவருடையதாயிருப்பதே அவர்கள் அசட்டையாயிருப்பதற்குக் காரணம் என்பது எமது அபிப்பிராயம்.

இங்கேதான் ஐக்கிய சங்கத்தின் வேலை வருகிறது. காண்டாமிருக வண்டு ஒரு மைலுக்கு மேலும் பறக்கவல்லது; வேலியும் வரப்பும் அதற்கில்லை. பத்து வீட்டார் குழியைச் சுத்தம் செய்து பதினோராம் வீட்டார் விட்டுவிட்டால், அந்த ஒரு குழி பத்துத் தோப்புக்கும் வண்டு வழங்கும். பூச்சியை ஒழிக்கும் வேலை தனியொருவனுடைய இஷ்டத்திற்கு விடத்தக்கதன்று என்பதை உணர்ந்தே, சென்னை மாகாணத்தில் 1919-ல் விவசாயப் பூச்சிகள், நோய்கள் பற்றிய சட்டம் ஏற்பட்டது. சட்டத்தைக் காட்டி அச்சுறுத்துவதைவிட, சங்கத்தார் ஒரு நாள் குறித்து ஊரிலுள்ள எல்லாக் குழிகளையும் ஒருங்கே புரட்டுவது மேல்.

குழி புரட்டும் நாளில் செய்யத்தக்கன இவை. எருவை அடிவரை வெட்டிப் பரப்பி, ஒருக்களித்து நெளியும் கருந்தலைப் புழுக்களைப் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். கோழிகள் அருகிலிருந்தால் பாதி வேலையை அவையே முடிக்கும். முட்டை பொரிப்பதற்கு இரண்டு வாரத்திற்குட்பட்ட காலமும், புழு வளர்வதற்கு மூன்று முதல் ஐந்து மாதம் வரையும், கூட்டுப்புழுப் பருவத்திற்கு மூன்று நான்கு வாரங்களும் ஆகின்றன. ஆகவே ஆண்டுக்கொரு முறை குழியை வெட்டுவது போதாது; மூன்று மாதத்திற்கு ஒரு முறை புரட்டினால் எந்தப் புழுவும் வண்டாகும் வரை தப்பாது. மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூஞ்சையை எருக்குழியிற் கலப்பதும் நற்பலன் தரும். அதனாற் பீடிக்கப்பட்ட புழு விறைத்து, முதலில் வெண்மையாகவும் பின்னர்ப் பாசிபோல் பச்சையாகவும் மாறும். அவ்வாறு பச்சை பூத்த புழுவை எறியாதீர். குழியிலேயே விட்டால் நோய் மற்றப் புழுக்களுக்கும் பரவும்.

முற்காலத்தில் குழிகளில் பி.எச்.சி. தூளைத் தூவும் வழக்கம் இருந்தது. அது காண்டாமிருகப் புழுவோடு சாணி வண்டு, மண்புழு எல்லாவற்றையும் கொன்று, எருவோடு நிலத்திலும் தங்கிற்று. 1997-ல் இந்திய சர்க்கார் அதனைத் தடைசெய்தனர். பழைய மூட்டை எவர் வீட்டிலேனும் கிடந்தால் அதனைப் பயன்படுத்தாது விவசாய இலாகாவாரிடம் தெரிவிக்க வேண்டும். மாடுகளுக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் போன்ற மருந்துகளும் சாணத்தோடு வெளிப்பட்டுச் சாணி வண்டின் புழுக்களைக் கொல்லுகின்றன. நோயுற்ற மாட்டுக்கு மருந்து கொடாதிருக்க முடியாது. ஆனால் ஊர் மாடுகளுக்கெல்லாம் ஒரே நாளில் தேவையின்றிக் கொடுப்பதைக் கால்நடை வைத்தியரைக் கலந்து தவிர்க்கலாம்.

குழியை விட்டால் வண்டு பெருகும் மற்றோர் இடம் விழுந்த தென்னை. 2016 டிசம்பரில் வர்தா புயலும், 2018 நவம்பரில் தஞ்சைப் பக்கம் கஜா புயலும் வீசியதை மறந்திருக்க மாட்டீர்கள். புயலில் சாய்ந்த மரமும், பட்டுப்போய் நிற்கும் அடிமரமும் உளுக்கத் தொடங்கிய சில மாதங்களில் புழுக்களின் வீடாகிவிடும். அவற்றைப் பிளந்து உலர்த்தி விறகாக்குதல் வேண்டும்; வரப்போரத்தில் உருட்டிவிட்டுச் செல்வது பகைவனுக்குப் பண்ணை வைத்துக் கொடுப்பதாகும்.

மரத்திலுள்ள வண்டை முனை வளைந்த இரும்புக் கம்பியால் குத்தி எடுப்பது பழைய முறை. இன்றும் அதற்கு மேலான கைவேலை இல்லை. எடுத்தபின், வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரண்டு பங்கும் கலந்து, மரமொன்றுக்கு 150 கிராம் வீதம் உள்ளடுக்கு மூன்று மட்டைகளின் இடுக்கில் இட வேண்டும். ஆமணக்குப் பிண்ணாக்கு ஒரு கிலோவை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்துச் சிறு மண்பானைகளில் தோப்பில் வைத்தால் வண்டுகள் அவ்வாடைக்கு வந்து விழும். விழுந்தவற்றைக் கொட்டுமுன் மேற்கூறிய தலையையும் காலையும் பார்த்து, சாணி வண்டாயின் விட்டுவிடலாம்.

இவ்வண்டு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ஒரு சான்று. இலங்கையிலிருந்து ரப்பர் கன்றுகளோடு பசிபிக் சமுத்திரத்திலுள்ள சமோவா தீவிற்கு 1909-ல் இது போய்ச் சேர்ந்தது. அங்கே இதற்கு இயற்கைப் பகை யாதும் இல்லாததால் தென்னையை நம்பிய தீவினர் பட்ட துன்பம் பெரிது. 1963-ல் மலாயாவில் ஹியூகர் என்னும் ஜெர்மானியர் இவ்வண்டைப் பீடிக்கும் ஒரு வைரஸ் நோயைக் கண்டுபிடித்தார். 1967-ல் அதனைச் சமோவாவில் பரப்பினர். வண்டுகள் தாமே நோயைச் சுமந்து சென்று தம்மினத்தைக் குறைத்தன. ஆயினும் அந்நோய்க்கு எளிதில் மடியாத ஒரு கிளை 2007-ல் குவாம் தீவில் தோன்றியபின், அங்கும் மக்கள் பழையபடி குப்பையைப் புரட்டும் வேலைக்கே திரும்ப வேண்டியதாயிற்று.

வேர்ப்புழுவுக்கு வேலை செய்யும் நாள் வேறு. அது ஆண்டில் சில இரவுகளே. முதல் கோடை மழை பெய்த மாலை தொடங்கிச் சில நாட்கள், சங்கத்து வாலிபர்கள் விளக்கும் கொக்கிக் கழியும் எடுத்துச் சென்று வேம்பையும் முருங்கையையும் உலுக்கி, விழும் பழுப்பு வண்டுகளைப் பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த நீரில் போட வேண்டும். இவ்வண்டுக்கு ஆண்டில் ஒரே தலைமுறை. அன்று தப்பிய பெண் வண்டு மண்ணில் முட்டையிட்டால் பிறகு அறுவடை வரையில் அதனை எட்டுவது கடினம். கரும்பு நடும் படாளம் பக்கத்தாரும் வேர்க்கடலை விதைப்போரும் சேர்ந்து இதைச் செய்யலாம். இரு பயிருக்கும் பகை ஒன்றே. அறுவடைக்குப் பின் ஆழ உழுதால் மைனாவும் காக்கையும் உண்ணிக்கொக்கும் ஏரின் பின்னே வந்து எஞ்சியவற்றைத் தின்னும்.

அடையாளத்தில் ஐயம் நேரின் மாதிரி அனுப்புங்கள். வண்டாயின் உலரவைத்துப் பஞ்சு வைத்த தீப்பெட்டியில் அடக்குக. புழுவை உயிரோடு உறையிலிட்டு அனுப்பினால் வழியிலே அழுகிக் கறுத்து ஒன்றும் தெரியாமற் போகும். கொதிக்கும் நீரில் ஒரு நிமிஷம் போட்டெடுத்து, பிறகு சாராய ஸ்பிரிட்டு நிறைந்த சிறு புட்டியில் மூடிவைத்தால் நிறமும் வால் முட்களும் கெடா. கூடவே ஒரு சீட்டில் ஊரின் பெயர், தேதி, எருவிலிருந்ததா மண்ணிலிருந்ததா மரத்திலிருந்ததா என்பது, அருகிலிருந்த பயிர், தரையில் விட்டபோது அது மல்லாந்து சென்றதா, ஒருக்களித்ததா, கவிழ்ந்து நடந்ததா என்பது ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுக. மையினால் எழுதினால் ஸ்பிரிட்டுப் பட்டுக் கரைந்துவிடும்.